ஆறு நிமிட இருளுக்கு என்ன விலை?

2027 ஆகஸ்ட் 2, திங்கள்கிழமை. அன்று பிற்பகல் ஒரு மணியளவில் எகிப்தின் லக்சர் நகரம் ஆறு நிமிடங்களுக்கும் சற்று அதிகமான நேரம் இருளில் ஆழும். அந்த முழுச் சூரிய கிரகணத்தின் உச்ச அளவு 6 நிமிடம் 23 விநாடி. அதைவிட நீண்ட முழுக் கிரகணம் 2114-ஆம் ஆண்டில்தான் வரும். இக்கட்டுரையைப் படிப்பவர்களில் அதைக் காணப் போகிறவர் அநேகமாக எவரும் இல்லை.

லக்சரில் ஓர் அறைக்கு நான் சென்ற ஆண்டே பதிவு செய்திருந்தேன். ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் நடுத்தரமான ஒரு விடுதி. நான்கு இரவுகள். மின்னஞ்சலில் உறுதிக் கடிதம் வந்தது, முன்பணமும் செலுத்தினேன். இரண்டு மாதம் கழித்து மற்றொரு கடிதம் வந்தது. கணினிப் பிழையால் தவறான வாடகை குறிக்கப்பட்டுவிட்டது, எனவே பதிவு ரத்து செய்யப்படுகிறது என்று இரண்டே வரிகள். முன்பணம் குறையாமல் திரும்பியது. ஆனால் அதே அறை, அதே தேதிகளுக்கு, அந்த விடுதியின் இணையதளத்தில் ஏறத்தாழ ஆறு மடங்கு வாடகையில் மீண்டும் தோன்றியது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். தேவை கூடினால் விலை கூடும் என்று கரும்பலகையில் இரண்டு கோடுகளை எத்தனை ஆயிரம் முறை வரைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அப்படிப்பட்டவன் விடுதி வாடகை உயர்ந்ததற்காகப் புலம்புவது முரணாகத் தோன்றலாம். என் புகார் விலை உயர்வைப் பற்றியதன்று. கொடுத்த வாக்கு எளிதில் மீறப்படுவதைப் பற்றியது. அதை விளக்குமுன் இந்தச் சந்தையின் விசித்திரத்தைச் சொல்ல வேண்டும்.

மாம்பழ விளைச்சலை எவரும் துல்லியமாகக் கணிக்க முடியாது. உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் எந்த அணி ஆடும் என்பது சில நாள்கள் முன்புதான் தெரியும். கிரகணமோ எந்த ஊரில், எந்த விநாடியில் தொடங்கி எந்த விநாடியில் முடியும் என்பது பல பத்தாண்டுகளுக்கு முன்பே அச்சாகிவிட்ட செய்தி. எல்லோருக்கும் எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் அளிப்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும், விலை எகிறாது என்பதே பாடநூல் எதிர்பார்ப்பு. இங்கே அது பொய்த்துப்போகிறது. ஆறு நிமிடத்துக்காக எவரும் விடுதி கட்டமாட்டார். இருக்கும் அறைகளே இருக்கும் அறைகள்.

லக்சரைப் பொறுத்தவரை இன்னொரு வேடிக்கையும் உண்டு. அங்கே குளிர்காலம்தான் சுற்றுலாப் பருவம். ஆகஸ்டில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டும். கர்நாக் கோயிலின் கல்தரையில் நண்பகலில் நிற்பதற்கு அஞ்சி வெளிநாட்டவர் ஒதுங்கிவிடுவார்கள். நைல் நதிக் கப்பல்களில் பாதி காலியாகக் கிடக்கும். எனவே அந்த அறைகளும் கப்பல்களும் குளிர்காலத்துக்காக ஏற்கெனவே முதலீடு செய்யப்பட்டவை. கிரகண நாளில் அவற்றை வாடகைக்கு விட ஆகும் கூடுதல் செலவு மிகச் சொற்பம். உயர்த்தப்படும் வாடகை ஏறக்குறைய முழுவதும் இடத்தால் கிடைக்கும் உபரி. ரிக்கார்டோ இதற்குத்தான் ‘வாரம்’ என்று பெயரிட்டார். செழிப்பான நிலத்துக்கும் கடைநிலை நிலத்துக்கும் உள்ள விளைச்சல் வேறுபாட்டை வைத்து அவர் வாரத்தை விளக்கினார். இங்கே விளைச்சல் என்பது இருளின் விநாடிகள்.

ஆனால் விநாடிகளை மட்டும் வைத்து இந்த வாரத்தைக் கணக்கிட முடியாது என்பதைப் பயணத் திட்டம் போட உட்கார்ந்த முதல் வாரத்திலேயே உணர்ந்தேன். நிலவின் கருநிழல் அன்று ஸ்பெயினின் தென்கோடியில் நிலம் தொட்டு, மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து, சவூதி அரேபியா, ஏமன் வழியாகச் சோமாலியாவின் முனையைக் கடக்கிறது. லிபியாவின் பென்காசியிலும் இருள் ஆறு நிமிடத்தை ஒட்டி நீடிக்கும். அதற்காகப் பென்காசியில் அறை தேடும் வெளிநாட்டவர் எத்தனை பேர்? அமைதியும் எளிதான பயண வசதியும் இல்லாத இடத்தில் விநாடிகளுக்கு விலை ஏறுவதில்லை. சவூதியின் ஜித்தாவில் ஏறத்தாழ ஆறு நிமிட இருள், நம்மூர்க்காரர்கள் பலர் பணிபுரியும் நகரம், விடுதிகளுக்கும் குறைவில்லை. ஹஜ் பருவம் அவ்வாண்டு மே மாதத்திலேயே முடிந்துவிடும். நண்பர்கள் சிலர் அதையே சிபாரிசு செய்கிறார்கள். கடலோரக் காற்றின் ஈரப்பதத்தையும் புழுதியையும் எண்ணி நான் தயங்கினேன்.

கருநிழல் பாதையின் விளிம்பு இன்னொரு பாடம் தருகிறது. லக்சருக்குத் தெற்கே ரயிலில் சுமார் மூன்று மணி நேரத் தொலைவில் அஸ்வான் இருக்கிறது. பெரிய சுற்றுலா நகரம். ஆனால் பாதைக்கு வெளியே விழுந்துவிட்டது. அங்கே பகுதி கிரகணம்தான். பெரும்பகுதி மறைந்துவிடுகிறதே, அது போதாதா என்று என் மனைவி கேட்டாள். விவரம் அறிந்த பலரும் கேட்கும் கேள்வி இது. போதாது. சூரியனின் ஒளி முழுநிலவைப்போல் ஏறத்தாழ நான்கு லட்சம் மடங்கு. அதில் நூற்றில் ஒரு பங்கு மறையாமல் எஞ்சினாலும் நாலாயிரம் நிலவுகளின் ஒளி மிச்சமிருக்கும். வானம் இருளாது, விண்மீன் தெரியாது, சூரியனைச் சுற்றியுள்ள வெண்ணிற ஒளிமகுடம் தோன்றாது. தொண்ணூற்றொன்பது சதவீதத்துக்கும் நூறு சதவீதத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு சதவீதம் அன்று.

இதை நான் ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. 1980 பிப்ரவரி 16 அன்று கர்நாடகம், ஆந்திரம், ஒடிசா வழியாக முழுக் கிரகணம் சென்றபோது நான் மதுரையில் கல்லூரி மாணவன். இங்கே பகுதி கிரகணம்தான். ஆயினும் விடுதியின் ஜன்னல்கள் அடைக்கப்பட்டன. தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அறைக்குள் அமர்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1995 அக்டோபர் 24 அன்று ராஜஸ்தானிலிருந்து வங்காளத்தின் டைமண்ட் ஹார்பர் வரை சென்ற கிரகணத்துக்கு நான் போகவில்லை. வீட்டுச் சூழலும் கைப்பணமும் இடம்தரவில்லை. 2019 டிசம்பர் 26-இல் வளைய கிரகணம் நம் ஊர்களுக்கே வந்தது. கோவை, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று அதன் பாதை. திண்டுக்கல்லில் மேகம் விலகிய இடைவெளியில் அந்த நெருப்பு வளையத்தைப் பார்த்தேன். அழகுதான். எனினும் பகல் பகலாகவே இருந்தது.

இடையில் 2009. ஜூலை 22 அதிகாலை, பீகாரின் தாரேக்னா என்ற சிற்றூரில் பல்லாயிரம் பேருடன் நானும் நின்றேன். சென்னையிலிருந்து பாட்னா வரை சங்கமித்ரா விரைவு ரயிலில் தூங்கும் வசதிப் பெட்டி. பயணச் செலவு என் மாதச் சம்பளத்தில் உறைக்கவே இல்லை. வானம் முழுவதும் மேகம். குறித்த நேரத்தில் ஊர் இருண்டது, பறவைகள் அடங்கின, கூட்டம் ஆரவாரித்தது. சூரியனை மட்டும் காணவில்லை. அதே காலையில் தில்லியிலிருந்து மேகத்துக்கு மேலே பறந்த ஒரு தனி விமானத்தில் சூரியன் தெரியும் பக்கத்து இருக்கைக்கு ஒரு விலை, மறுபக்கத்து இருக்கைக்கு அதைவிடக் குறைந்த விலை என்று விற்றிருந்தார்கள். விலை பேதத்துக்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்கு அதற்குப் பின் கிடைத்ததில்லை. வகுப்பில் ஆண்டுதோறும் அதைத்தான் சொன்னேன்.

கிரகணங்கள் 18 ஆண்டு 11 நாள் இடைவெளியில் குடும்பம் குடும்பமாகத் திரும்பி வருகின்றன. 1955-இல் இலங்கையைக் கடந்ததும், 1973-இல் கான்கார்டு விமானம் ஆப்பிரிக்காவின் மீது 74 நிமிடம் துரத்திச் சென்றதும், தாரேக்னாவில் மேகத்துக்குப் பின்னால் நடந்ததும் ஒரே குடும்பம். அதன் அடுத்த வருகைதான் லக்சர். ஆகஸ்டு மாத எகிப்தில் மேகத்துக்கு ஏறக்குறைய வாய்ப்பே இல்லை. ஒருமுறை ஏமாந்தவனுக்கு இந்த நிச்சயத்தின் மதிப்பு என்ன என்பதை எந்த வளைகோடும் காட்டாது.

இவ்வாண்டு ஆகஸ்ட் 12-இலும் ஒரு முழுக் கிரகணம் இருக்கிறதே, அதற்கு ஏன் போகக் கூடாது என்று கேட்கலாம். கிரீன்லாந்து, ஐஸ்லாந்து வழியாக அது ஸ்பெயினுக்கு வருகிறது. ஓவியேதோ, லியோன், புர்கோஸ், சரகோசா, வலென்சியா ஆகிய நகரங்கள் பாதைக்குள். மாட்ரிட், பார்சிலோனா இரண்டும் சற்றே வெளியே. மாலைச் சூரியன், வடமேற்கில் அடிவானத்திலிருந்து பத்து டிகிரி உயரம், மயோர்க்கா தீவில் இரண்டரை டிகிரிதான். ஒரு குன்றோ கட்டடமோ குறுக்கே நின்றால் போயிற்று. இருள் நீடிப்பது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. வடக்குக் கடற்கரையில் மேகத்தையும் நம்ப முடியாது.

இவை எல்லாவற்றையும் விட என்னைத் தடுத்தது விசா. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பத்தோடு தங்குமிடச் சான்று இணைக்க வேண்டும். கிரகணப் பாதையில் அறைகளோ இரண்டு ஆண்டு முன்பிருந்தே தீரத் தொடங்குகின்றன. மிச்சமிருப்பவை பணம் திரும்பாத நிபந்தனையுடன் வருகின்றன. ஜெர்மானியருக்கு இது வெறும் விடுதிச் செலவு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு விடுதிச் செலவோடு, விசா மறுக்கப்பட்டால் அதை முழுதும் இழக்கும் அபாயமும் சேர்கிறது. ஒரே பண்டத்துக்குப் பிறந்த நாட்டைப் பொறுத்து இரண்டு விலை. விமானத்தின் சூரியன் பக்க இருக்கையைப் போல இதை எவரும் திட்டமிட்டு வைக்கவில்லை, விளைவில் வேறுபாடில்லை.

ஆயினும் ஸ்பெயினிடம் கற்க ஒன்று உண்டு. 2026, 2027-இல் முழுக் கிரகணங்கள், 2028 ஜனவரியில் வளைய கிரகணம் என மூன்று அடுத்தடுத்து வருவதால், அந்நாட்டு அரசு பல அமைச்சகங்களை இணைத்து ஒரு குழு அமைத்திருக்கிறது. இவ்வாண்டுப் பாதையில் இருக்கும் தெருவேல், சோரியா போன்ற மாகாணங்கள், இளைஞர் வெளியேறி ஊர்கள் காலியாகிவரும் பகுதிகள். ‘வெறுமையான ஸ்பெயின்’ என்றே அதற்கு அங்கே பெயர். தெருவேலில் ஏற்கெனவே வானாய்வுக் கூடமும் அதையொட்டிய மக்கள் மையமும் எழுந்துள்ளன. தெருவிளக்குகள் குறைந்த இருண்ட வானம் என்பதையே ஒரு வளமாக மாற்ற முனைகிறார்கள். வெற்றி பெறுமா என்பது வேறு. கிரகணத்தை ஒருநாள் வசூலாகப் பார்க்காத அணுகுமுறை அது.

ஒருநாள் வசூலாகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 1999 ஆகஸ்ட் 11-இன் கார்ன்வால் சாட்சி. இங்கிலாந்தின் அந்தத் தென்மேற்கு முனைக்குப் பெருங்கூட்டம் வரும் என்று வாடகைகளை ஏற்றினார்கள். சாலைகள் அடைபடும் என்ற எச்சரிக்கையும் சேர்ந்துகொண்டது. எதிர்பார்த்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை. திருவிழாக்கள் ஏற்பாடு செய்த சிலர் நட்டப்பட்டனர். மேகம் வேறு மறைத்தது.

இனி என் புகாருக்கு வருகிறேன். விலை எகிறுவதற்கு முன்பே பதிவு செய்தவர் எதைச் செய்கிறார்? எகிப்தில் அன்று என்ன சூழல் நிலவும், தன் உடல்நிலை எப்படி இருக்கும், விமானக் கட்டணம் என்னவாகும் என்று எதுவும் தெரியாமல், அந்த அபாயத்தை எல்லாம் தன் தலையில் ஏற்றுக்கொண்டு முன்பணம் கட்டுகிறார். அதற்கு ஈடாக அவருக்குக் கிடைப்பது குறைந்த வாடகை என்ற ஒரே உறுதி. விலை ஏறியபின் விடுதி விலகிக்கொள்ளலாம், விலை இறங்கினால் நான் விலக முடியாது என்றால், நடந்தது ஒப்பந்தம் அன்று. விடுதிக்கு நான் இலவசமாக எழுதிக் கொடுத்த காப்பீடு. அமெரிக்காவில் 2024 ஏப்ரல் 8 கிரகணத்தின்போதும் இப்படிப் பதிவுகள் ரத்தானதாகச் செய்திகள் வந்தன.

முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்களே என்று சொல்வது சரியான பதிலாகாது. நான் இழந்தது முன்பணத்தை அன்று. அன்றைய விலைக்கும் இன்றைய விலைக்கும் இடையிலான வித்தியாசத்தை. நம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, வாக்கு மீறலால் இயல்பாக நேரும் இழப்புக்கு ஈடு கேட்கும் உரிமையைத் தருகிறது. 2020-இன் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில் இன்னும் நேரடியான ஒரு விதி உண்டு: நிறுவனம் தானாக ரத்து செய்யும்போது அதே அளவு கட்டணத்தைத் தானும் ஏற்காவிட்டால், வாடிக்கையாளர் ரத்து செய்ததற்காகக் கட்டணம் பிடிக்கக் கூடாது. நியாயமான சமன்பாடு. ஆனால் கட்டணமே பிடிக்காமல் முன்பணத்தைத் திருப்பி, அறையை ஆறு மடங்குக்கு விற்பவரை இந்த விதி தொடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொகுப்புச் சுற்றுலாவின் விலையை எட்டு சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் பயணி கட்டணமின்றி விலகலாம். அதுவும் தொகுப்புக்குத்தான், தனி அறைக்கு அன்று. எல்லை கடந்த ஒரு சிறு தொகைக்கு வழக்காடுவது யாருக்கும் கட்டுப்படியாகாது என்பதை விடுதிக்காரரும் அறிவார். ரத்து செய்யும் விடுதி, அதே தேதிக்கு அதே தரத்து அறையின் விலை வித்தியாசத்தைத் தர வேண்டும் என்பதைப் பதிவுத் தளங்களே நிபந்தனையாக்கலாம். அப்படி ஆகும்வரை முந்திப் பதிவு செய்வது முட்டாள்தனம் என்று ஆகிறது. எல்லோரும் கடைசி நேரத்துக்கு ஓடுவார்கள். அங்கே பணக்காரரே வெல்வார்.

கிரகணத்தில் இது உறுத்துவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. வானத்தை நான் பார்ப்பதால் இன்னொருவருக்குக் குறைவதில்லை; பார்க்காதே என்று எவரையும் தடுக்கவும் முடியாது. பொதுப்பண்டத்துக்கு இலக்கணம் இதுதான். ஆனால் அதைப் பார்க்க நிற்கும் தரை தனிச்சொத்து. வானத்தின் மதிப்பு முழுவதும் தரைக்காரரின் கணக்கில் வந்து சேர்கிறது. தரையை ஓரளவேனும் பொதுவாக்குவது அரசால் ஆகக்கூடிய காரியம். திறந்த மைதானம், கழிவறை, குடிநீர், கூடுதல் ரயில், பாதுகாப்பான கண்ணாடி. பெரிய செலவு எதுவும் இல்லை. 2019-இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் பள்ளி மைதானங்களில் கூடாரம் போட்டுக் கண்ணாடி கொடுத்து வெளியே வந்து பாருங்கள் என்று அழைத்தார்கள். மதுரையில் ஜன்னல் அடைத்த காலத்திலிருந்து அது நாற்பது ஆண்டு தூரம்.

இந்தியாவுக்கு அடுத்த முழுக் கிரகணம் 2034 மார்ச் 20 அன்று வருகிறது. காஷ்மீர், லடாக் பகுதிகளின் மீது கருநிழல் விழும். மார்ச்சில் அங்கே இன்னும் பனிக்காலம். சோஜிலா கணவாய்ச் சாலை பனியால் மூடப்படுவது வழக்கம். சுரங்கப்பாதைப் பணி நடந்துவருகிறது. லே விமான நிலையத்தின் கொள்ளளவும் விடுதி அறைகளின் எண்ணிக்கையும் இன்றே தெரிந்தவை. அமெரிக்காவில் 2017-இலும் 2024-இலும் கற்ற ஒரு பாடம், மக்கள் வந்து சேர்வது சில நாள்களில், திரும்பிப் போவது ஒரே மணி நேரத்தில் என்பதாகும். சமவெளியில் அது வாகன நெரிசல். பனிமலைச் சாலையில் அது உயிராபத்து. இதற்குக் குழு அமைக்க 2033 வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1868-இல் ஜான்சன் குண்டூருக்கும், 1871-இல் மீண்டும் நீலகிரியின் சோலூருக்கும் கப்பலேறி வந்தார். குண்டூரில் பதிவான நிறமாலைக் கோடுகளே ஹீலியத்தின் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தன. அன்று உலகம் நம்மிடம் வந்தது, 2034-இலும் வரும். லடாக்கின் வீட்டுத் தங்குமிடக்காரர் அந்த வருமானத்தைப் பெற வேண்டும். தில்லியில் அமர்ந்து மொத்தமாக அறை பிடித்து மறுவிற்பனை செய்பவர் பெறுவாரானால், இருண்ட வானத்தின் வாரம் லடாக்கில் தங்காது.

என் திட்டம் இப்போது மாறியிருக்கிறது. பாதைக்கு வெளியே விழுந்த அஸ்வானில் அறை பிடித்திருக்கிறேன். லக்சரில் இன்று கேட்பதில் கால்வாசி வாடகை. கிரகணத்தன்று விடிகாலை ரயிலில் லக்சர், மாலை ரயிலில் திரும்புதல். ரயில் தாமதமானால் என்ன செய்வது என்று மனைவி கேட்டாள். வழியிலுள்ள எட்ஃபுவும் பாதைக்குள்தான் என்று வரைபடத்தைக் காட்டினேன், அங்கேயே இறங்கிக்கொள்ளலாம். பதிவு செய்யும்போது, விடுதி ரத்து செய்தால் வேறோர் அறைக்கான வாடகை வித்தியாசத்தை விடுதியே தரும் என்ற ஒரு வரியை உறுதிக் கடிதத்தில் சேர்க்கும்படி கேட்டிருந்தேன். மேலாளரிடமிருந்து இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அந்த வரியுடன் கடிதம் வந்தது.